ரப்பர் மூடிக்கு அடியில் இருந்த போல்ட்

என் பெயர் வெர்னன் ஹூக்ஸ்ட்ரா. வயது 61. வாஷிங்டன் மாநிலம், ஆல்டர் பெண்ட் ஊரில், பழைய மர ஆலைக்குப் பின்னால் உள்ள வீட்டில் மனைவி லொரெய்னுடன் வசித்து வருகிறேன். சங்கிலி ரம்பங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். இந்த வழக்கில் சொல்லப்படும் டுவெய்ன் ராஸ்முசன் என் மனைவியின் அண்ணன். இங்கிரிட் சோல்பெர்க் என்பவர், மரம் வெட்டும் தொழிலாளியாக இருந்து, போன குளிர்காலத்தில் இறந்துபோன ஹால்வரின் மனைவி.

எங்கள் ஊர் மைதானத்தில் ஆகஸ்ட் மாதம் பழைய ரம்பங்களை இயக்கிக் காட்டும் போட்டி நடப்பது வழக்கம். டுவெய்ன்தான் அதை நடத்துகிறவர். அழுத்தம் விடும் வால்வு உள்ள ரம்பங்களுக்கு ஒரு பிரிவு, வால்வு இல்லாதவற்றுக்கு ஒரு பிரிவு. வால்வு உள்ளதில் பட்டனை அமுக்கினால் சிலிண்டரில் அடைபடும் காற்றில் ஒரு பங்கு வெளியேறிவிடும், கயிறு லேசாக வரும், என்ஜின் பிடித்ததும் பட்டன் தானாக மேலே வந்துவிடும். வால்வு இல்லாததில் கயிற்றை மெதுவாக இழுத்து, பிஸ்டன் முட்டும் இடத்தைக் கையால் உணர்ந்துகொண்டு, அதைத் தாண்டவிட்டு, பிறகு பின் கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு ஒரே மூச்சில் கடைசிவரை இழுக்க வேண்டும். பாதியில் தயங்கினால் கயிறு கையைப் பிடித்து உள்ளே இழுக்கும்.

ஹால்வரின் ரம்பம் பெரியது, வால்வு உள்ளது. டுவெய்ன் அதை விலைக்குக் கேட்டு இரண்டு தடவை இங்கிரிட் வீட்டுக்குப் போனதும், அவர் மறுத்ததும் எனக்குத் தெரியும். இந்த வருடம் தானே அதை மைதானத்தில் இயக்கப் போவதாக இங்கிரிட் சொல்லி, என் கடைக்கு வந்து பழகினார். பட்டனை அமுக்கி இழுக்கக் கற்றுக்கொண்டார். வால்வு இல்லாமல் இழுக்க நான் கற்றுக்கொடுக்கவில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை.

சம்பவத்தன்று காலை, எல்லா ரம்பங்களையும் சோதிக்க வேண்டும் என்று சொல்லி டுவெய்ன் வாங்கித் தன் கூடாரத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். அதன் பிறகு மதியத்துக்கு முன் இங்கிரிட் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் தன் கணவருடைய வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பட்டனை அமுக்கினார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அதன் பிறகு கயிற்றை இழுத்தார், அது பாதியில் நின்று, என்ஜின் பின்னுக்கு உதைத்து, கைப்பிடியோடு அவரை ரம்பத்தின் மேல் குப்புறத் தள்ளியது. கூட்டம் சிரித்தது. அவர் கையைத் தூக்கியபோது இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடிந்திருந்தன. அதன் பிறகும் சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். டுவெய்ன் ஒலிபெருக்கியில், பட்டனை அமுக்க மறந்துவிட்டால் இப்படித்தான் ஆகும், வீட்டு வேலை வேறு, இது வேறு என்று பேசினார். இங்கிரிட் அழவில்லை. என்னைப் பார்த்து, “நான் அமுக்கினேனே வெர்ன், அமுக்கினேன்ல?” என்று கேட்டார். ஆம்புலன்சில் ஏற்றும்போதும் அதையே கேட்டார்.

வண்டி போன பிறகு நான் ரம்பத்தைப் பார்த்தேன். பட்டனுக்கு மேல் ஒரு சிவப்பு ரப்பர் மூடி உண்டு. அமுக்கிப் பார்த்தேன், ரப்பர் மட்டும் அமுங்கியது. மூடியைக் கழற்றினால் வால்வு இருந்த இடத்தில் ஒரு போல்ட் முறுக்கப்பட்டிருந்தது. அதைக் கழற்றிக் காட்டி டுவெய்னிடம் கேட்டேன். அவர் பன்றிக்கறி ரொட்டி தின்றுகொண்டிருந்தார். விரலைச் சூப்பிவிட்டு, சட்டைப் பையிலிருந்து மெல்லும் புகையிலை டப்பாவை எடுத்துத் திறந்தார். ஈரப் புகையிலைக்குள் அந்த வால்வு கிடந்தது. அதை நகத்தால் தோண்டி எடுத்து, கால்சட்டையில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“ஒரு வேடிக்கைக்குத்தான் மாப்ள. இழுக்க முடியாம ரெண்டு தடவை தவிச்சா, அவளே வித்துருவான்னு பாத்தேன். கை ஒடியும்னு யாரு கண்டா?”

நானும் சிரிப்பேன் என்று நினைத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பல்லில் கறியும் புகையிலையும் ஒட்டியிருந்தன. வால்வைக் கைக்குட்டையில் வாங்கிக்கொண்டேன். அந்தக் கைக்குட்டையும் வால்வும் போல்ட்டும்தான் இப்போது போலீஸ் அதிகாரியின் மேசைமேல் இருப்பவை.

அதன் பிறகு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மணிக்கட்டும் உடைந்திருப்பதாகச் சொல்லி மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் டுவெய்ன் பெட்ரோல் பங்கில் வாங்கிய பூங்கொத்தோடு உள்ளே வந்தார். அதைப் படுக்கையில் வைத்துவிட்டு, “இந்தக் கைய வச்சுக்கிட்டு இனி அந்த மெஷின எப்படி இழுப்ப இங்கிரிட்? நல்ல விலை தர்றேன், குடுத்துரு” என்றார். நான் அந்த அறையிலேயே, அவர் முன்னாலேயே, போல்ட்டை எடுத்து இங்கிரிட்டின் நல்ல கையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். இங்கிரிட் அதை வெகுநேரம் பார்த்தார். டுவெய்னைப் பார்க்கவே இல்லை. “அப்ப நான் அமுக்கித்தான் இருக்கேன்” என்று சொல்லி, போல்ட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். டுவெய்ன் பூங்கொத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் லொரெய்ன், தன் அண்ணன்மேல் போலீசுக்குப் போக வேண்டாம் என்று சொன்னாள். ஒலிபெருக்கியில் அவர் பேசியதை நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். அதன் பிறகு அவள்தான் வண்டியை ஓட்டி என்னை இங்கே கொண்டுவந்து விட்டாள்.

எனக்கும் டுவெய்னுக்கும் முன்விரோதம் உண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை. அவரோடு ஒரே மேசையில் முப்பது வருடமாகச் சாப்பிட்டிருக்கிறேன், அதை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது என்றேன். அருவருப்பு என்ற இந்தச் சொல் வாக்குமூலத்துக்குத் தேவையா, எடுத்துவிடலாமா என்று அதிகாரி கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

நான் சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், இது உண்மை என்று அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வெர்னன் ஹூக்ஸ்ட்ரா