சத்தமில்லாமல் விற்ற ஷேர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன், யாரிடமும் கைநீட்டியதில்லை. நேற்று கிழக்கேகோட்டைக்குப் போகும் பஸ் கரமனைப் பாலத்தில் ஏறும்போது, முன் சீட்டு மாமி தன் கணவரிடம் சொன்னாள்:

"ஏன்னா, கனாவுல நம்மாத்து மாடிப்படி ஏறிண்டே போறேன். திரும்பிப் பாத்தா கீழே தரையே இல்லை."

"நாம போட்ட ஷேர் ஏறறதுக்கு நீ ஏன் பயப்படறே?"

"பொண்ணு கல்யாணப் பணமாச்சே. பால்காரன்கூட ஷேர் வாங்கறானாம். வித்துடுங்கோ."

"இன்னும் ஏறும்டீ. வேற வேலையைப் பாரு."

"என்ன வேலை? தோசை மாவு, நறுக்கின காய், எல்லாம் வாசலுக்கு வந்துடறது. காத்தால எழுந்து இதையே நினைச்சிண்டு உக்காந்திருக்கேன்."

பாலம் முடிந்ததும் அவர் போனை எடுத்து, விரலால் இரண்டு தட்டு தட்டினார்.

"வித்தாச்சு. போறுமா?"

மாமி சிரிக்கவில்லை.

"அவ்வளவுதானா? என் வளையலை விக்கறச்சே கடைக்காரர் உக்கார வச்சு, நிறுத்துக் காட்டி, காப்பி வரவழைச்சார். இதுல ஒரு சத்தம்கூட வரலையே."

இந்த வயதில் கற்ற எழுத்தைக் கூட்டி இவ்வளவும் எழுதிவிட்டேன். அம்மு, பாட்டி எழுதினதை ஒரு தடவை வாசி மோளே. சத்தமா வாசி.