மூன்றாவது தடவை சூடாக்கிய தண்ணீர்

என் பெயர் ஆறுமுகசாமி. வயது ஐம்பத்தொன்பது. தகப்பனார் சின்னமுத்து, காலமாகிவிட்டார். சொந்த ஊர் ஹனூர். பதினோரு வருடமாக மைசூர் விஜயநகரில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். வீட்டு உபயோகச் சாமான் விற்கும் கடை ஒன்றில் மேனேஜர் மாதிரி இருக்கிறேன். மேனேஜர் மாதிரி என்றால் என்ன என்று ஏட்டு ஸ்டானிஸ்லாஸ் கேட்டதால், சாமான்களை வண்டியில் ஏற்றிப் போய் வீட்டில் இறக்கி மாட்டிக் கொடுக்கும் வேலை என்று எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதாம் வகுப்பில் மூன்று மாதம் உட்கார்ந்திருக்கிறேன். கன்னடம் பேசினால் ஊர்க்காரனே அசந்து போவான், ஆனால் எழுத வராது. ஆகையால் ஆய்வாளர் அம்மா அனுமதி கொடுத்து, இதை என் கைப்படத் தமிழில் எழுதுகிறேன். ஏட்டு இதைக் கன்னடத்தில் பெயர்த்துச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

என் தங்கை கமலம்மாளின் மகள் வினிதா, வயது இருபத்தெட்டு. அவள் தன் மாமியார் ரங்கம்மாவின் முகத்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள் என்று, ரங்கம்மாவின் மகனும் வினிதாவின் கணவருமான அச்யுத் நேற்று புகார் கொடுத்திருக்கிறார். சம்பவ நேரத்தில் அவர் ஆபீசில் இருந்தார். நான் ஆஸ்பத்திரியில் சொன்ன வார்த்தையை வைத்துத்தான் புகார் எழுதியிருக்கிறார். இன்று காலை ஒன்பது மணியிலிருந்து வினிதா பக்கத்து அறையில் விசாரணையில் இருக்கிறாள். சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டு போவார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் யாரும் கூப்பிடாமல் நானே பன்னிரண்டு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்தேன்.

சம்பவத்துக்குக் காரணமான மைக்ரோவேவ் அடுப்பு என் கையால் அந்த வீட்டுக்குப் போனது. வினிதாவுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. ஆகவே அவள் மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் முறையை நான் செய்தேன். மற்றவர்கள் வெள்ளிக் கிண்ணம் வைக்கிற இடத்தில் நான் அந்தப் பெட்டியை வைத்தேன். ஊரே ஒரு மாதம் அதைத்தான் பேசியது. பந்தியில் இருந்தவர்கள் பேசினார்கள் என்று திருத்திக்கொள்கிறேன். மைசூரில் பாதி அடுப்படியில் நான் மாட்டிக் கொடுத்த பெட்டிதான் ஓடுகிறது. ஏட்டு கணக்குக் கேட்டார். பதினெட்டு வீடு.

மாட்டிக் கொடுக்கும் எல்லா வீட்டிலும் நான் சொல்லும் எச்சரிக்கை உண்டு. எவர்சில்வர் பாத்திரம் வைத்தால் பொறி பறக்கும். மூடியை இறுக்கிப் போட்டு வைத்தால் வெடிக்கும். முட்டையை ஓட்டோடு வைக்கக்கூடாது. காலிப் பெட்டியை ஓட விடக்கூடாது. இவை எல்லாவற்றையும் வினிதாவுக்கும் சொன்னேன். ஆனால் தண்ணீரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் எனக்குச் சொன்னாள். பெட்டியோடு வந்த புத்தகத்தை அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவள். வழவழப்பான கண்ணாடி டம்ளரில் தண்ணீர் சூடாக்கினால் சில நேரம் குமிழ் விடாமலே கொதி நிலையைத் தாண்டிவிடும், பார்த்தால் சும்மா கிடப்பது போலத் தெரியும், அதில் பொடி போட்டாலோ ஆட்டினாலோ ஒரே மூச்சில் மேலே பொங்கி அடிக்கும் என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னாள். அதற்காக உள்ளே ஒரு மரக் கரண்டியைப் போட்டுத்தான் சூடாக்க வேண்டும், நின்ற பிறகு ஒரு நிமிடமாவது தொடாமல் விட வேண்டும், சூடாக்கிய தண்ணீரையே திரும்பத் திரும்ப வைக்கக்கூடாது என்றும் சொன்னாள்.

அதற்கு நான், "கொதிச்சாக் குமிழ் வரும் கண்ணு. குமிழ் வரலீன்னாக் கொதிக்கலைன்னு அர்த்தம். இதுக்கு எதுக்கு புஸ்தகம்" என்றேன்.

"நீங்க அந்தப் புஸ்தகத்தைப் படிச்சீங்களாங்க மாமா?" என்று கேட்டாள்.

"அதை அச்சடிச்ச ஆளையே எனக்குத் தெரியும் புள்ளே" என்றேன். எனக்கு அப்படி யாரையும் தெரியாது.

ரங்கம்மா மேலுக்கோட்டை வம்சத்து வைஷ்ணவக் குடும்பத்தவர். ஏகாதசி அன்று அரிசி தொடமாட்டார். சாதம் வடித்த அடுப்பையும் கழுவித் துடைக்காமல் தொடமாட்டார். நாள் முழுக்கச் சுக்குப்பொடி போட்ட வெந்நீர்தான். அதற்கென்று தனியாக வைத்திருந்த கரண்ட் அடுப்பு போன மாதம் கெட்டுப்போனது. அப்போது நான், "இந்தப் பெட்டியில நெருப்பும் இல்ல, பருக்கை பட்ட அடுப்பும் இல்லீங்க சம்பந்தியம்மா. உங்க மடி ஆசாரத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது" என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன். வினிதா மரக் கரண்டியைப் பற்றிச் சொன்னபோது ரங்கம்மா, "சாதம் கிளறின கரண்டியை என் ஏகாதசி ஜலத்துல போடறதாவது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வினிதா எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் கடைக்குப் போய்ப் புதுக் கரண்டி ஒன்று வாங்கி வந்து, காகிதம் பிரிக்காமல் மேல் தட்டில் வைத்தாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் நான் பார்த்த சண்டை இவ்வளவுதான்.

சம்பவம் நடந்தது நேற்று முன்தினம் வியாழக்கிழமை, ஏகாதசி. காலை பத்தரை மணிக்கு நான் அங்கே போனேன். வினிதா ஹாலில் குழந்தையை மடியில் வைத்துப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். கையில் சாதம் இருந்ததால் அவள் அடுப்படிக்குள் வர முடியாது. ரங்கம்மா குளித்து மடிப்புடவையில் இருந்தார். அவர் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்துப் பெட்டிக்குள் வைத்தார். பொத்தான்கள் அவருக்குப் பழக்கமில்லாததால் நான்தான் இரண்டு நிமிடம் வைத்து அழுத்தினேன். அதன் பிறகு பெட்டி நின்றது. ரங்கம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "குமிழே வரலையே. தளதளன்னு கொதிச்சாத்தான் நேக்கு ஆகும்" என்றார். அதன் பிறகு நான் மூன்று நிமிடம் வைத்தேன். அப்போதும் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் நின்றது. "சம்பந்தி, உங்க பெட்டி தூங்கறதோ என்னமோ" என்று ரங்கம்மா சிரித்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. நான் கொடுத்த சாமானை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மூன்றாவது தடவையாக நான்கு நிமிடம் வைத்தேன்.

அதன் பிறகு பெட்டி நின்றதும் ரங்கம்மா முந்தானையால் டம்ளரைப் பிடித்து மேடையில் வைத்தார். நான் குளிர்பதனப் பெட்டியில் சாய்ந்து நின்றிருந்தேன். அவர் மூன்று விரலால் சுக்குப்பொடியை எடுத்தார். குமிழ் வருகிறதா என்று முகத்தை டம்ளருக்கு நேராகக் குனிந்து பொடியைப் போட்டார். போட்ட உடனே டம்ளரில் இருந்த தண்ணீர் முழுவதும் ஒரு சத்தத்தோடு மேலே வந்தது. டம்ளர் சாயவில்லை. வைத்த இடத்தில் அப்படியே நின்றது. தண்ணீர் மட்டும் அவருடைய வலது கன்னம், கழுத்து, வலது கண் எல்லாவற்றிலும் அடித்தது.

நான் அந்த இடத்தில் பாய்ந்து அவரைத் தூக்கி, என்று எழுத ஆரம்பித்தேன். அதற்குள் ஏட்டு, "ஸ்வல்ப நில்லுங்க சார். கதை பேடா, வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்க" என்றார். ஆகவே அந்த வரியை அடித்துவிட்டேன். நடந்தது இது. நான் ஹாலுக்கு ஓடினேன். வெளியே ஓடுகிற என்னை இடித்துக்கொண்டு வினிதா உள்ளே ஓடினாள். அவள் சாதம் ஒட்டிய கையோடு மாமியாரைக் கட்டிப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தோளில் ஒட்டிக் கொதித்துக்கொண்டிருந்த புடவையை வெறும் கையால் உருவினாள். அவளுடைய இரண்டு முன்கையிலும் உள்ள சிவப்பு அதனால் வந்தது, ஊற்றியதால் வந்தது அல்ல. மடி என்று ரங்கம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பல் விளக்கும் பேஸ்ட்டை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். "அதைத் தூரப் போடுங்க மாமா, தண்ணி மட்டும் போதும். ஆட்டோ கூப்பிடுங்க" என்றாள். இருபது நிமிடம் போலக் குழாய்த் தண்ணீரைக் கன்னத்தில் விட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தை ஹாலில் அழுதுகொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டோ நான்தான் கூப்பிட்டேன். அது உண்மை.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். என்ன நடந்தது என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். தண்ணீர் தானாக எழும்பியது என்றேன். அச்யுத்தின் சித்தப்பா ஒருவர், "தண்ணி தானா எழும்புமா ஸ்வாமி, அது என்ன நீரூற்றா" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். பெட்டி கொடுத்தவன் யார் என்று ஒருவர் கேட்டார். அதன் பிறகு நான், "நான் மட்டும் கையை வீசித் தட்டி விடலீன்னா அந்தம்மா மூஞ்சியே இருந்திருக்காது" என்று சொன்னேன். யாரும் அதன் பிறகு சிரிக்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. டம்ளர் வந்த வேகம், நான் தட்டிய வேகம் எல்லாம் கையால் காட்டினேன்.

அப்போது ஆபீசிலிருந்து அச்யுத் வந்து சேர்ந்தார். கடைசியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "தட்டி விட்டேள்னா, டம்ளர் யார் கைல இருந்தது மாமா?" என்று கேட்டார்.

அவர் இன்னொரு தடவை கேட்டார். யார் கையிலும் இல்லை என்று சொன்னால், நான் தட்டவும் இல்லை என்று ஆகிவிடும். பத்துப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அச்யுத் திரும்பி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த வினிதாவின் சிவந்த கைகளைப் பார்த்தார். அதன் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வினிதாவும் என்னைப் பார்த்தாள். "சொல்லுங்க மாமா" என்று மட்டும் சொன்னாள். நான் டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனேன்.

ரங்கம்மாவைக் கேட்டதற்கு, குனிந்தது ஞாபகம் இருக்கிறது, பிறகு சூடுதான் தெரிந்தது, யார் எங்கே நின்றார்கள் என்று சொல்லத் தெரியவில்லை என்றாராம். வலது கண்ணைப் பற்றிக் கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

என் வலது கையில் இருக்கும் கட்டைப் பற்றி ஆய்வாளர் அம்மா கேட்டார். தட்டிவிட்டதில் வெந்துபோனது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மோலியிடம் கட்டுப் போடச் சொன்னேன். அவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கே அங்கிள் புண்ணு?" என்று கேட்டுப் போட மறுத்துவிட்டார். கீழே மருந்துக் கடையில் துணி வாங்கி நானே சுற்றிக்கொண்டேன். ஆய்வாளர் அம்மா, ஏட்டு ஸ்டானிஸ்லாஸ் ஆகிய இருவர் முன்னிலையில் இப்போது அதைப் பிரித்தேன். கையில் ஒரு கொப்புளமும் இல்லை. நர்ஸ் மோலியைக் கேட்டாலும் சொல்வார்.

இத்துடன் முடித்துக் கையெழுத்துப் போடுவதாக இருந்தேன். ஏட்டு எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டினார். படித்துவிட்டு, "புஸ்தகம் முழுக்கப் படிச்ச பொண்ணு, கரண்டி வாங்கி வெச்ச பொண்ணு, அன்னைக்கு மட்டும் சும்மா இருந்துச்சா?" என்று கேட்டார். நான் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். அதன் பிறகு கீழ்க்கண்டதைச் சேர்க்கிறேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. நான் முதல் தடவை பொத்தானை அழுத்தியபோதே ஹாலிலிருந்து, "மாமா, மேல் தட்டுல இருக்குதே, அந்தப் புதுக் கரண்டியைப் போட்டீங்களா?" என்று கேட்டாள். "போட்டாச்சு புள்ளே" என்றேன். போடவில்லை. நான் மேல் தட்டைப் பார்க்கவே இல்லை. மூன்றாவது தடவை பெட்டி ஓடும் சத்தம் கேட்டு, "ஏனுங்க மாமா, அதே தண்ணியவா மறுபடி வெக்கறீங்க? கரண்டி உள்ள இருக்குதுல்ல? இல்லீன்னா சொல்லுங்க, கையைக் கழுவிட்டு நான் வர்றேன்" என்றாள். "நீ குழந்தையைப் பாரு. பதினெட்டு வூட்டுல மாட்டினவனுக்குத் தெரியாதா" என்றேன். அவள் பிறகு எழுந்து வரவில்லை. என் பேச்சை நம்பித்தான் வரவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வினிதாவும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்று ஏட்டு சொல்லித்தான் எனக்கு இப்போது தெரியும். மாமாவே சொல்லட்டும் என்று இருந்தாளோ என்னவோ.

பொத்தானை மூன்று தடவையும் அழுத்தியது நான். கரண்டி போட்டதாகச் சொன்னது நான். அச்யுத் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இதை அவர் முன்னால் படிக்கச் சொன்னாலும் படிக்கிறேன். வழக்கு என் மேல் வருவதாக இருந்தால் வரட்டும்.

இதில் உள்ளதை நானே எழுதி, பிறர் படிக்கக் கேட்டு, சரி என்று ஒப்புக்கொள்கிறேன். யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்து இதில் கூட்டிச் சொன்னது எதுவும் மிச்சம் இல்லை.

(ஒப்பம்) சி. ஆறுமுகசாமி
கட்டில்லாத வலது கையால் இட்டது.
என் முன்னிலையில்: ஸ்டானிஸ்லாஸ், தலைமைக் காவலர்