மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை

இரவு இரண்டரை மணி. ஜனவரி மாதம். கோக்-பெல் கணவாய் ஏற்றத்தில் பதினோராவது வளைவு இருக்கிறதே... அதற்குக் கொஞ்சம் கீழே. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து டிகிரி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எனக்கு நடந்ததில்லை. என் கூட்டாளியின் மச்சான் எர்கெஷுக்கு நடந்தது. நிலக்கரி ஏற்றுகிறவன். பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொன்னபோது அவன் காது சிவக்கவில்லை.

அடுப்பில் இன்னும் இரண்டு கரிக்கட்டி போடுங்கள். கதவை நன்றாகச் சாத்துங்கள்.

"சாத்தித்தான் இருக்கு, தெமிர் அண்ணே. நீங்கதான் அஞ்சு நிமிசத்துக்கு ஒருவாட்டி தெறந்து எட்டிப் பாக்குறீங்க. உங்க தகர டப்பா வண்டிய எவன் தூக்கிட்டுப் போகப் போறான்?" என்கிறாள் ஜூரா. டீக்கடைக்காரிக்கு வாய் நீளம். அந்த வாய்க்காகத்தான் பாதிப் பேர் இங்கே வண்டியை நிறுத்துகிறோம்.

சரி. கேளுங்கள்.

எர்கெஷின் வண்டி நம் எல்லோருடையதையும்போலப் பழசு. நீள மூக்கு, ஆறு சிலிண்டர் டீசல். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே போகிறது... திடீரென்று ஒரு அடி தவறுகிறது. டக டக டக டக டக... பிறகு ஒன்றுமில்லை. மறுபடி டக டக டக டக டக... ஒன்றுமில்லை. வண்டி நொண்டுகிறது. கண்ணாடியில் பார்க்கிறான். பின்னால் வெள்ளைப் புகை. எரியாத டீசல் நாற்றம் கேபினுக்குள் வந்து கண்ணைக் கரிக்கிறது.

நின்றுவிட்டான். வேறு வழியில்லை. ஆனால் இஞ்சினை அணைக்கவில்லை. அந்தக் குளிரில் அணைத்தால் டீசல் குழம்பாகிவிடும், அப்புறம் அது ஓடாது. அது ஓடாவிட்டால் கேபினில் சூடு இல்லை. சூடு இல்லாவிட்டால் மூன்று மணி நேரம்தான் உயிர். உங்களுக்குத் தெரியாததா. அந்த நேரத்தில் எர்கெஷின் உயிர் அந்த ஐந்து சிலிண்டரில்தான் இருந்தது.

கையுறை போட்டுக்கொண்டு இறங்கினான். பானட்டைத் தூக்கினான். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நாம் எல்லோரும் செய்வதையே செய்தான். ஓடுகிற இஞ்சினில் முதல் சிலிண்டருக்கு டீசல் பீய்ச்சுகிற நாசிலின் குழாய் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினான். டீசல் கசிந்தது. இஞ்சின் இன்னும் மோசமாக நொண்டியது. அப்படியென்றால் அந்தச் சிலிண்டர் நல்லது, அதைக் கெடுத்ததால்தான் நொண்டுகிறது. இறுக்கினான். இரண்டாவது. மறுபடி நொண்டல். அதுவும் நல்லது. மூன்றாவதைத் தளர்த்தினான்...

சத்தம் மாறவில்லை. கொஞ்சம்கூட மாறவில்லை. செத்தவன் காலைக் கிள்ளினால் அவன் ஏன் கத்தப்போகிறான்.

கண்டுபிடித்துவிட்டோம் என்று அவனுக்கு நிம்மதி. நட்டை இறுக்கினான். ஐந்திலேயே மெதுவாக உச்சியைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தான். அப்போது பானட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"மூணாவதா?"

ஓர் ஆள் நிற்கிறான். காது மூடிய தொப்பி. எண்ணெய்க் கறை படிந்த கோட்டு. முகம் பானட்டின் நிழலில். எர்கெஷுக்கு முதலில் சந்தோஷம். கணவாயில் மனுஷக் குரல் கேட்டால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது.

"ஆமாண்ணே, மூணாவது. உங்க வண்டி எங்க நிக்குது?"

அவன் இஞ்சின் மேல் குனிந்தான். "நட்டெல்லாம் எதுக்கு. கைய வச்சாலே தெரியும்" என்றான்.

அப்போதுதான் எர்கெஷ் பார்த்தான். அந்த ஆளின் கையில் கையுறை இல்லை. அந்தக் குளிரில் வெறுங்கையால் இரும்பைத் தொடுகிறவன் எவன்? போன மாதம் மம்பெத் ஒரு விரல் நுனியைக் கதவுப் பிடியிலேயே விட்டுவிட்டு வந்தான். சிரிக்காதே மம்பெத், எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஆள் கையை நீட்டி முதல் சிலிண்டரின் புகைக்குழாய் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தான். அந்தக் குழாயில் நாம் எச்சில் துப்பினால் சுர்ரென்று பறந்துவிடும். அங்கே 'சுர்' சத்தமும் வரவில்லை, தோல் கருகுகிற நாற்றமும் வரவில்லை.

"இது எரியுது" என்றான்.

அந்த அடி நின்றது.

எர்கெஷ் காதால் கேட்டான். ஐந்தாக இருந்தது நான்காகிவிட்டது. கை நகர்ந்தது. "இதுவும் எரியுது." மூன்று. மூன்றாவது குழாயைத் தொடாமல் தாண்டி நான்காவதுக்குப் போனது. "இது..." இரண்டு. இஞ்சின் ஆடியது. பானட் கடகடவென்று நடுங்கியது. புகை வெள்ளையாகச் சுருண்டு இருவருக்கும் நடுவில் நின்றது. எர்கெஷ் ஓட நினைத்தான். அந்தக் குளிரில் ஓடி எங்கே போவது என்றான் என்னிடம்.

ஐந்தாவது.

இப்போது ஒன்றே ஒன்று. டக்... நீண்ட நேரம்... டக்... ஒரே சிலிண்டரில் இந்த இஞ்சின் ஓடாது. ஓடவே ஓடாது. ஆனால் ஓடியது. கை ஆறாவது குழாய்க்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது. டார்ச் வெளிச்சம் அதன் மேல் விழுந்தது. உள்ளங்கையில் தோல் இல்லை.

அப்போதுதான் எர்கெஷுக்கு ஆள் யாரென்று புரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே வளைவில் சபார் செத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அவன் இஞ்சின் நின்றுபோய், விடியும்வரை அதை வெறுங்கையால் குடைந்துகொண்டிருந்தான். காலையில் பனி தள்ளுகிற வண்டிக்காரர்கள் எடுத்தபோது உள்ளங்கை புகைக்குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்துத்தான் எடுத்தார்கள்.

"அன்னைக்கு ரெண்டு ஹாரன் அடிச்சியே" என்றான் சபார். கோபமாக இல்லை. விசாரிக்கிற மாதிரி.

எர்கெஷ் அழுதுவிட்டான். "ஏத்தம்ணே... முழுச் சுமை. நின்னா திரும்ப ஏறாது. கீழ போய் ஆளனுப்பலாம்னு நெனச்சேன். டீக்கடைல போய் உக்காந்தேன். சூடு. தூங்கிட்டேன்ணே..."

நம் மலையில் இரண்டு ஹாரனுக்கு என்ன அர்த்தம்? பார்த்துவிட்டேன், உதவி வருகிறது, பயப்படாதே. ஒருவன் அதை அடித்துவிட்டான் என்றால் பின்னால் வருகிறவன் நிற்க வேண்டியதில்லை. அவன் வேலை முடிந்தது. நாம் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறோம். இதுவரை ஒருவரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை.

"உனக்குப் பின்னால இன்னொருத்தன் வந்தான்" என்றான் சபார். "நான் ரோட்டு நடுவுல நின்னு கையக் காட்டினேன். சுத்திக்கிட்டுப் போனான். அவனும் ரெண்டு ஹாரன்."

டக்...

"உன்னோட ஹாரன அவன் கேட்டிருப்பான். அதான் நிக்கல."

டக்...

"அவன் பேரென்ன?"

கை ஆறாவது குழாயை நோக்கி இறங்கியது. எர்கெஷுக்கு வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். சின்னவளுக்கு இப்போதுதான் நடை பழகுகிற வயது. அவன் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

பேரைச் சொன்னான்.

கை விலகியது. ஐந்தாவது அடி திரும்பி வந்தது. பிறகு நான்காவது. இரண்டாவது. முதலாவது. கடைசியாக, அவன் மலையேறும்போதே செத்திருந்த மூன்றாவதும் வந்தது. ஆறும் சீராக, புது இஞ்சின் மாதிரி. பானட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. பனியில் கால் தடம் எர்கெஷுடையது மட்டும்தான்.

அதோடு முடிந்ததா என்றால்...

"யாருண்ணே அது? பின்னால வந்தவன்?" என்கிறான் மம்பெத். இவ்வளவு நேரம் சிரித்தவன் குரல் இப்போது இறங்கிவிட்டது.

நேற்று மத்தியானம் எர்கெஷ் என் வீட்டுக்கு வந்தான். கூட்டாளி சொல்லி நான் கேட்ட கதை இல்லை இது, அவன் வாயாலேயே கேட்டேன். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ரொட்டி கொடுத்தோம், தொடவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முழுவதையும் சொன்னான். கடைசியில், "என்ன மன்னிச்சிருங்கண்ணே, வேற வழி தெரியல" என்றான். நான் அவனை மன்னித்தேன். மன்னிக்காமல் என்ன செய்வது. அவன் நின்றிருந்தால் நானும் நின்றிருப்பேன். நான் நின்றிருந்தால் சபார் இன்றைக்கு இதே அடுப்பில் கை காய்ந்துகொண்டிருப்பான்.

ஜூரா, அப்படிப் பார்க்காதே. டீ ஊற்று.

அன்றைக்கு என் வண்டி வெளிச்சத்தில் சபாரின் முகத்தைப் பார்த்தேன். கையை ஆட்டினான். முன்னால் போன எர்கெஷ் ஹாரன் அடித்ததைக் கேட்டேன். சரி, ஏற்பாடாகிவிட்டது என்று நானும் இரண்டு அடித்தேன். அவன் கையை இறக்கிவிட்டான். உதவி வருகிறது என்று நம்பி இறக்கினான். எனக்கு அதுதான் இன்னும் தாங்கவில்லை.

விடிவதற்குள் நான் கோக்-பெல்லைத் தாண்டியாக வேண்டும். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இன்றோடு கொதிகலனுக்குக் கரி தீர்கிறது. உங்களில் ஒருவர் என்னோடு கேபினில் வந்து உட்கார வேண்டும். பேசக்கூட வேண்டாம். அதைக் கேட்கத்தான் இவ்வளவையும் சொன்னேன்.

என் வண்டியை நேற்றுத்தான் முழுதாகப் பார்த்தேன். ஆறு நாசிலும் புதுசு. இஞ்சினை அணைக்காமல்தான் வெளியே விட்டிருக்கிறேன். இங்கே வந்து நிறுத்தியபோது ஆறும் எரிந்தது. கதை ஆரம்பிக்கும்போதும் எரிந்தது. அதற்காகத்தான் எட்டி எட்டிப் பார்த்தேன்.

கொஞ்சம் பேசாமல் இருங்கள். கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கு, ஜூரா.

இப்போது அடியை எண்ணுங்கள்.