பத்தரை மணியின் பூஜ்யம்

இறைச்சிச் சாறு அடைத்த பணியாரமான சல்தேன்யாவின் ஓரத்தை முதலில் கடித்து, உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சிவிட்டால் சட்டையில் கறை படாது. பொலிவியாவில், எங்கள் கொச்சபாம்பா நகரில் காலை பத்தரைக்கு அதைத் தின்னப் போகாத அலுவலர் கிடையாது, ஐயா. எங்கள் நூலகத்திலும் அப்படித்தான். இதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நூலக மென்பொருளை இருபத்திரண்டு வருடமாக நான் ஒருத்திதான் பராமரிக்கிறேன். அதற்கு ஒரே நோய், கேஷ் என்ற நகல் கிடங்கு. ஒருமுறை கண்டெடுத்த விடையை நகலாக வைத்துக்கொண்டு, அடுத்து யார் கேட்டாலும் அதையே நீட்டும். நகலை நீண்ட நேரம் வைத்தால், திரும்பி வந்த புத்தகம்கூட இரவலில் இருப்பதாகக் காட்டும். உடனுக்குடன் அழித்தால் திரை உறைந்துபோகும்.

"உன் மெஷினுக்கு என்னைவிட வயசாயிடுச்சுடி," என்பாள் காசில்தா. நிலவறையில் பழைய செய்தித்தாள்களைப் பார்த்துக்கொள்பவள். "ஒரு கேள்விக்கு மூணு தடவை மூச்சு வாங்குது."

இயக்குநர் நெலிதா அம்மா சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை மேலிடத்துலேர்ந்து வர்றாங்க. அவங்க முன்னாடி ஒரு தடவை திரை உறைஞ்சாலும் வேற மென்பொருள்தான்."

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. எங்கே போவேன்? நான்கு நாள் எதை எதையோ மாற்றிப் பார்த்தேன். கடைசியில் எல்லாப் பக்கங்களின் நகலுக்கும் பத்து நிமிட ஆயுள் கொடுத்தேன். எல்லாம் என்றால், நிலவறைக்குள் எத்தனை பேர் என்று காட்டும் பக்கத்துக்கும்.

வியாழன் பத்தரைக்கு நிலவறை காலி. காவலர் தொன் ஃபெர்மீனின் திரை பூஜ்யம் காட்டியது. இரண்டு நிமிடம் கழித்து காசில்தா கன்னத்தைப் பிடித்தபடி நிலவறைக் கதவில் அட்டையைத் தேய்த்தாள்.

"பல்லு வலிடி. காரமில்லாததா ஒண்ணு வாங்கிட்டு வா. உள்ளே அந்தப் பேப்பர் கட்டை முடிச்சுடறேன்."

நான் திரும்பியபோது மணி பத்து முப்பத்தெட்டு. மேலிடத்திலிருந்து வந்தவர்கள் காவலர் மேசையருகே நின்று, "பரவாயில்லையே, வேகமா இருக்கே," என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது அபாய மணி அடித்தது. நிலவறையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் புகைந்திருக்கிறது. மணி அடித்தால் கதவு தானே பூட்டிக்கொள்ளும். தீயை அணைக்கும் வாயு உள்ளே இருப்பவரின் மூச்சையும் அடைத்துவிடும்; அதைத் திறக்குமுன் திரையைப் பார்க்க வேண்டும் என்பது விதி.

"இஞ்சினியரம்மா, பூஜ்யம்னு காட்டுது. நம்பலாமா?" என்றார் தொன் ஃபெர்மீன்.

நகலை அழிக்க ஒரு விசை உண்டு, நான் வைத்ததுதான். அத்தனை பேர் எதிரில் பூஜ்யம் ஒன்றாக மாறினால் என்ன ஆகும் என்று யோசித்தேன்.

"நம்பலாம்," என்றேன்.

அவர் நெம்புகோலை இழுத்தார். "யாரோ தட்டற மாதிரி இருக்கே?"

"குழாய் அதிருது, தொன் ஃபெர்மீன்."

நான் பொய் சொல்லவில்லை, ஐயா. பத்தரைக்கு உள்ளே யாரும் இல்லைதான். கையில் காசில்தாவின் சல்தேன்யா சூடாகவே இருந்தது. எல்லாரும் வெளியே ஓடியபின் அந்த விசையை அழுத்தினேன். ஒன்று என்று வந்தது, அரை நொடியில். இவ்வளவு வேகமாக அது ஒருநாளும் வேலை செய்ததில்லை.