இடது கைப் பிரஷர்

"நானா, இடது கைய நீட்டாதீங்க. அது பொய் சொல்லும்."

கண்டியில் ஒரு கிளினிக். பிரஷர் பார்க்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் அண்ணனிடம் அப்படிச் சொன்னாள். அவருக்கு அக்குறணையில் கடை. வரிசையில் எல்லோருக்கும் அதை அவரே சொல்லி முடித்திருந்தார்.

"இந்தக் கையில எப்பவும் நூத்திப் பத்துதான். வலது கைதான் ஏத்திக் காட்டுது."

"வலது கைதான் உண்மை. பெருநாடியில அழற்சி வந்து சுவர் தடிச்சிட்டு, இடது கைக்குப் போற குழாய் ஒடுங்கிட்டு எண்டு டொக்டர் படம் கீறிக் காட்டினார். நீங்களும் பெரிசா தலையாட்டினீங்க."

"இதக் காட்டினாத்தான் மருந்துக் குளிசையக் கூட்ட மாட்டாங்க."

"நேர்ஸ ஏமாத்திட்டீங்க, சரி. படியேறினா மூச்சு வாங்குறது ஆருக்கு? நேர்ஸுக்கா?"

அவருடைய முறை வந்தது. உட்கார்ந்ததும் இடது கையைத்தான் நீட்டினார். கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதியிருந்ததைப் பார்த்த நேர்ஸ் வலது கையில் பட்டியைச் சுற்றினார். அளந்ததும் முகம் மாறியது.

"இண்டைக்கே அட்மிட் ஆகி வாட்டில நிக்கணும்."

"இடது கையையும் பாருங்களேன் மிஸ், அது நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அந்தக் கைய மட்டும் நான் வீட்ட கொண்டு போறன்," என்றாள் தங்கை. "மத்ததெல்லாம் வாட்டில கிடக்கட்டும்."