போயிட்டு வாறன் எண்டு எழுதின ட்ரைவர்

...கழட்டுறத்துக்கு முன்ன ஒரு வார்த்தை செல்லோணுமா இல்லியா, மாஸ்டர்? நீங்களே செல்லுங்க. சவூதியில அந்தப் பிலிப்பினோ எஞ்சினியர் செல்லல்ல. வந்தான், வயரைப் புடுங்கினான், கொம்பியூட்டர்ட டேப் பெட்டியத் தள்ளிட்டுப் போய்ட்டான். வேலை போனது ஆருக்கு? எனக்கு. ஒரு வருசமும் ரெண்டு மாசமும் ஆகிட்டு, இந்தத் தபால் கந்தோர் வாங்குலதான் குந்திட்டிரிக்கன்.

இரிங்க, இரிங்க, எங்க எழும்புறீங்க? உங்கட ட்ரங் கோல் இப்ப வராது. கொழும்பு லைன் நடுவழியில சிக்கிச்செண்டா பின்னேரம் அசர் பாங்கு மட்டும் கிடக்கோணும். வந்தா முருகேசு அண்ணன் கவுண்டர்ல இருந்து கூப்பிடுவார். கோல் என்னத்துக்கு, சீமெந்து விலை கேக்கவா? அது கூடித்தான் இரிக்கும்.

என்ட பேர் அபுல் ஹஸன். கல்முனையில சவூதி ட்ரைவர் எண்டு கேட்டா காட்டுவாங்க. அது வேற கரைச்சல். நான் ஓட்டுற ட்ரைவர் இல்ல மாஸ்டர், எழுதுற ட்ரைவர். கலியாணம் பேசக்குள்ள எங்கட வாப்பா, மகன் சவூதியில ட்ரைவர் எழுதுறான் எண்டிட்டார். மாமி லைசனைக் காட்டச் செல்லிட்டா. எங்கட வழக்கம் தெரியும்தானே, கலியாணம் முடிச்சா பொண்டாட்டி வீட்டதான் இரிப்பு. இண்டைக்கும் அந்த வீட்டுல நான் லைசன் இல்லாத ட்ரைவர்.

என்ட பொண்டாட்டி கமீலா இண்டைக்குக் காலத்தால ஏசிட்டுத்தான் அனுப்பினா. அவட கூடப்பொறந்த காக்கா மசூர் சாகாமத்துல நெல்லு மில் போட்டிரிக்கார். எஞ்சினைப் பாத்துக்க வாங்க மச்சான் எண்டு ஆறு மாசமாக் கேக்கார். இண்டைக்கு அசருக்குள்ள பதில் செல்லோணும், இல்லாட்டி வேற ஆளப் போடுவார். நான் என்ன செய்ய, கொம்பனி கூப்பிடுறம் எண்டு செல்லிரிக்கி. காயிதம் வாற நாளையில நான் சாகாமத்துல தவிடு பூசிட்டு நிண்டா?

என்ன... ட்ரைவர எப்பிடி எழுதுறயா? அங்க ஒரு பெரிய கொம்பியூட்டர், இந்தக் கந்தோர் அளவு. ஒண்டே ஒண்டு. அதுக்குள்ள பன்ரெண்டு பொய் கொம்பியூட்டர். லீவுப் பகுதிக்கு ஒண்டு, ஸ்டோருக்கு ஒண்டு, அப்பிடி. ஒவ்வொண்டும் தான்தான் முழு மெசின் எண்டு நெனச்சிட்டிரிக்கும், மாமிட வீட்டுல மூணு மருமகன்மாரும் இரிக்கிற மாதிரி. ஆனா நெசமான டேப் பெட்டி நாலுதான். பொய் மெசின் டேப் கேட்டா, அந்தக் கேள்விய நெசப் பெட்டிக்கிட்டக் கொண்டு குடுத்து, பதிலக் கொண்டந்து குடுக்க ஒரு இடையாள் வேணும். அந்த இடையாள்தான் ட்ரைவர். அத எழுதினது நான்.

பெட்டியக் கழட்டுறத்துக்கு ஒரு மருவாதி இரிக்கி. மொதல்ல புது வேலை எடுக்கிறத்த நிப்பாட்டோணும். கையில கிடக்கிறத முடிக்கோணும், ஏலாட்டித் திருப்பிக் குடுக்கோணும். மறுகா எல்லாரும் கைய எடுத்தாச்சா எண்டு பாத்திட்டுத்தான் வயரைத் தொடுற. அந்தப் பிலிப்பினோ பின்னேரம் பந்தடிக்கப் போற அவசரத்துல புடுங்கிட்டான்.

மெசின் விழல்ல, அதுதான் பகிடி. நிண்டிச்சி. லீவு மெசின் டேப்புக்காகக் காத்திட்டு நிண்டிச்சி. அது புடிச்சி வெச்சிரிந்த பதிவுக்காக ஸ்டோர் மெசின் நிண்டிச்சி, ஸ்டோருக்காக மத்தது நிண்டிச்சி. பெருநாளைக்கு இன்னும் மூணு நாள்தான் இரிந்திச்சி. ஊருக்குப் போறத்துக்குப் பெட்டி கட்டின நானூறு பேருக்கு லீவுத் துண்டு வெளிய வரல்ல. எல்லாம் அந்தப் பிலிப்பினோவால.

என்ன கேட்டீங்க? பெட்டி இல்லையெண்டு தெரிஞ்சும் ஏன் காத்திட்டு நிண்டிச்செண்டா? மாஸ்டர் எண்டா மாஸ்டர்தான், கேக்கப்படாத கேள்வியத்தான் கேப்பீங்க.

செரி, செல்றன். கமீலாக்கும் செல்லல்ல இத. பெட்டி இல்லாமப் போனா இடையாள் ஒரு நம்பர் குடுக்கோணும். பதினாறு குடுத்தா, அது போயிட்டு, இனிப் பாக்காத எண்டு அர்த்தம். பொய் மெசின் ஒரு பிழையப் பதிஞ்சிட்டு அடுத்த வேலையப் பாக்கும். எட்டுக் குடுத்தா, கொஞ்சம் பொறு, வரும் எண்டு அர்த்தம். நான் எட்டு எழுதினன்.

உங்கட வீட்டுல ஆரும் வெளிக்கிடக்குள்ள 'போறன்' எண்டு செல்லுவாங்களா, மாஸ்டர்? எங்கட உம்மா அந்தச் சொல்லக் கேட்டா, திருப்பிக் கூப்பிட்டு, இருத்தி, தண்ணி குடிக்க வெச்சிட்டுத்தான் விடுவா. போயிட்டு வாறன் எண்டோணும். செத்த மையத்து மட்டும்தான் அப்பிடிச் செல்லாமப் போற. எனக்குப் பதினாறு எழுதக் கை வரல்ல. இரும்புப் பெட்டிதான், எண்டாலும் போயிட்டு வரட்டுமே எண்டு...

விசாரணையில நான் பிலிப்பினோதான் குத்தவாளி எண்டு கைய நீட்டினன். மனேஜர் நான் ட்ரைவர் எழுதின தாளை விரிச்சி, அந்த எட்டுல விரல வெச்சார். கத்தல்ல. எனக்கு வெக்கமாப் போய்ட்டு. இப்ப ஊருக்குப் போ, பொறகு கூப்பிடுறம் எண்டார். அந்தப் பொறகுக்குத்தான் இஞ்ச இரிக்கன்.

எங்க மாஸ்டர், தேத்தண்ணிக்கா? வேர்வை துடைக்கிற லேஞ்சிய வாங்குல போட்டிட்டுப் போங்க, இடத்த நான் பாத்துக்கிறன். செரி, போயிட்டு வாங்க.

...

முருகேசு அண்ணன், கேக்கிது, கேக்கிது. கொழும்பு லைனா? மாஸ்டர் தேத்தண்ணிக்குப் போயிரிக்கார், இப்ப வந்திடுவார். கொஞ்சம் புடிச்சிக்கங்க. லேஞ்சி இஞ்சதான் கிடக்கு... இது என்ன, நடுவுல ஓட்டை. சைக்கிள் துடைக்கிற துண்டு போல. வெளிய நிண்ட அவர்ட சைக்கிள் எங்க? தேத்தண்ணிக் கடையிலயும் ஆள் இல்லியே. பாண்டிருப்புப் பக்கம் ஒரு சைக்கிள் பறக்கிது, அது அவர்ட முதுகு மாதிரித்தான் கிடக்கு.

போயிட்டு வாறன் எண்டுதானே செல்லிட்டுப் போனார்.

அடுத்த ஆள் ஆரு? பக்கத்துத் தெருப் பாத்தும்மா மாமியா? பகல் லுஹர்ல இருந்து கோலுக்கு நிக்காவா, பாவம்.

அண்ணன், இவர் வரமாட்டார். ஓம், நான்தான் செல்றன். ஆள் இல்ல எண்டு எழுதிட்டு லைனை மாமிக்குக் குடுங்க.

எனக்குக் காயிதம் வந்திரிக்கா எண்டு பாக்கிறீங்களா? வேணாம் அண்ணன், தபால் கட்டப் பிரிக்காதங்க. நாளைக்கும் பாக்காதங்க, அதுவும் பதினாறுதான். சாகாமம் பஸ் எத்தினைக்கு? அப்ப அசருக்குள்ள மசூர் மச்சானப் புடிக்கலாம்.

செரி, நான் போறன். ஓம் அண்ணன், போறன் எண்டுதான் சென்னன். அதுக்காகத் தண்ணி எடுக்க எழும்பாதங்க.