ஆமைக்குப் போட்ட 'க்'

உங்கள் படிவத்தின் முதல் வரியில் ஒரு 'ச்' குறைகிறது. 'நடந்ததை சுருக்கமாக எழுதவும்' என்று போட்டிருக்கிறீர்கள். 'நடந்ததைச் சுருக்கமாக' என்று இருக்க வேண்டும். குற்றம் கண்டுபிடிப்பதற்காகச் சொல்லவில்லை. நாற்பத்தொரு வருஷம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன். கண் தானாகப் போய் நின்றுவிடுகிறது. என் கல்யாணப் பத்திரிகையிலேயே நான்கு பிழை பிடித்தேன். ஐந்தாவது பிழை மாப்பிள்ளை பெயர் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

சுருக்கமாக எழுத எனக்கு வராது. நிதானமாக எழுத வரும். மாடி வீட்டுத் தையல்காரர் எங்கள் விளையாட்டுக் கணக்கில் புகுந்து ஓர் ஆமையைத் திருடிக்கொண்டார் என்று சென்ற மாதம் உங்களுக்கு ஒரு புகார் வந்தது. கீழே இருந்த பெயர் என் மனைவியுடையது. எழுதியவன் நான். இரண்டு பக்கம், ஒரு பிழை கிடையாது. அந்தப் புகார் பற்றித்தான் இந்த வாக்குமூலம்.

விளையாட்டை நடத்துகிற உங்களுக்கு விளையாட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இதைப் படிக்கப்போகிறவர் நேற்று வேலைக்குச் சேர்ந்தவராக இருக்கலாம். அவருக்காகச் சொல்கிறேன். உங்கள் விளையாட்டில் முட்டை பொரித்துப் பிராணி வளர்த்துச் சண்டைக்கு விடுகிறோம். ஒவ்வொரு பிராணிக்கும் மூன்று எண்கள்: உயிர், வலிமை, வேகம். ஒரே குட்டையில் ஒரே நாளில் பொரித்த இரண்டு ஆமைகள் பார்வைக்கு அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். உள்ளே எண்கள் வேறு வேறு. அதைத்தான் பிரீட் என்கிறார்கள். வேகத்தின் மேல் வேகம் சேர்ந்து பிறந்தது 'வேவே'. உயிரின் மேல் உயிர் சேர்ந்தது 'உஉ'. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் 'சமம்', அதாவது எதற்கும் உதவாதது. வேகத்தில் ஒரே ஒரு புள்ளி கூட இருந்தால் போதும், முதல் அடி நம்முடையது. அந்த ஒரு புள்ளிக்காக உலகத்தில் எத்தனை லட்சம் பேர் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருக்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும்.

கணக்கு மனைவியுடையது. பன்னிரண்டு வருஷமாக அவளும் அவள் தம்பியும் விளையாடி வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்துகொண்டேன். ஒரு வாரத்தில் விளையாட்டைக் கற்றேன். எட்டாம் நாள் அதில் என்னென்ன தவறு என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். எந்தப் பிராணிக்கு எந்த பிரீட் சிறந்தது என்று அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கதவு போதவில்லை, பக்கத்துச் சுவரிலும் ஒட்டினேன். பால் எடுக்கப் போகிறவள் எண்பத்தேழு வகைத் தவளைகளைத் தாண்டித்தான் பால் எடுக்க வேண்டும்.

பிறகு கூண்டுகளைச் சுத்தம் செய்தேன். ஒரே பிற்பகலில் முந்நூற்றுப் பன்னிரண்டு 'சமம்' பிராணிகள் போயின. அழிப்பதற்கு நீங்கள் வைத்திருக்கும் பொத்தானில் 'விடுவி' என்று எழுதியிருக்கிறது. நல்ல சொல். அழுத்தினால் பிராணி இரண்டு எட்டு நடந்து, நின்று, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறைகிறது. அந்தத் திரும்பிப் பார்ப்பதை யார் சேர்த்தார்களோ, தேவையில்லாத வேலை. முந்நூற்றுப் பன்னிரண்டு முறை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இப்போது ஆமை.

என் மச்சினன் கப்பலில் எலக்ட்ரீஷியன். சின்ன வயதிலிருந்து அக்காவை அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிடுவான். பொருத்தமான பெயர். மருந்துக்கடையில் வேலை பார்த்த காலத்தில், வந்தவர் இருமி முடிப்பதற்குள் மருந்தைப் பொட்டலம் கட்டி நீட்டுவாள். அவன் கடலில் இருந்தபடியே நூற்று நாற்பது முட்டை பொரித்து, அதிலிருந்து ஓர் ஆமையைப் பொறுக்கி எடுத்து, அதற்கு அக்காவின் பட்டப்பெயரையே வைத்து, அவளுக்கு அனுப்பினான். ஆறு வாரம் கழித்து, அந்தக் கப்பலிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டான். அவன் பொருளென்று அவள் கைக்கு வந்தது ஒரு பெட்டி, ஒரு கடிகாரம், இந்த ஆமை. பெட்டியையும் கடிகாரத்தையும் பரண்மேல் போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்குத் தையல்காரரின் சேவலோடு ஆமைக்குச் சண்டை. அவர் மாடியில், இவள் எங்கள் கூடத்தில். சேவல் முதலில் கொத்தும். ஆமை வாங்கிக்கொள்ளும். பிறகு மெதுவாகத் தலையை நீட்டும். இவள் சிரிப்பாள். தம்பியிடம் பேசுகிற மாதிரி, "டேய், எந்திரிடா, போதும் நடிச்சது" என்பாள். நான் எதிரே உட்கார்ந்து செய்தித்தாளில் பிழை பார்த்துக்கொண்டிருப்பேன். முப்பத்தாறு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. இதைத் தகவலுக்காக மட்டுமே குறிப்பிடுகிறேன்.

என் ஆட்சேபணைகள் இரண்டு. ஒன்று, ஆமை 'உஉ'. வேகம் பரிதாபம். எங்கள் தொகுப்பிலேயே அதைவிட மெதுவானது ஒரு கல்தான்; அதுவும் அலங்காரத்துக்கு வாங்கிய கல். இரண்டு, பெயர். மச்சினன் அதை 'அவசரகுடுக்கை' என்று எழுதியிருந்தான். நடுவில் 'க்' இல்லை. தினமும் பத்து மணிக்கு அந்தப் பிழை என் வீட்டுக் கூடத்தில் கொட்டை எழுத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. திருத்திவிடலாமா என்று பலமுறை கேட்டேன். "அவன் வச்ச பேரு. அப்படியே இருக்கட்டும்" என்றாள். வேகம் பற்றிச் சொன்னால், அது அடி வாங்கிக்கொண்டு நிற்பதுதான் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்றாள். இப்படிப் பேசுகிறவர்களிடம் எண்களைக் காட்டி என்ன பயன்.

நான் அவளுக்கு நல்லதுதான் செய்தேன். அதே இனத்தில் ஒரு 'வேவே' ஆமை வேண்டுமென்று இருபத்தாறு நாள் முட்டை பொரித்தேன். எங்கள் மகள் பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரியில் அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை. கடைசியில் கிடைத்தது, ஆமைகளில் ஒரு மின்னல். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மனைவி கண் டாக்டரிடம் போயிருந்தாள். கண்ணில் மருந்து விட்டால் அன்று முழுக்கத் திரையைப் பார்க்க முடியாது என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். பழைய ஆமையை விடுவித்தேன். புதிய ஆமையை அதன் கூண்டில் வைத்தேன். அதற்குப் பெயரும் வைத்தேன், சரியாக: அவசரக்குடுக்கை.

மறுநாளிலிருந்து ஆமை தோற்கத் தொடங்கியது.

மூன்று நாள் தொடர்ந்து சேவலிடம் தோற்றது. மனைவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நான்காம் நாள் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "ஏங்க, இது முந்திக்கிட்டு அடிக்குது. அவன் குடுத்தது முந்தவே முந்தாது" என்றாள். பிறகு விளக்கினாள், எனக்கு. அந்த இனத்து ஆமைக்குப் பதிலடி என்று ஒரு திறன் உண்டாம். முதலில் அடி வாங்கினால் அதன் அடி இரண்டு மடங்காகுமாம். அதனால்தான் தம்பி நூற்று நாற்பது முட்டையில் ஆக மெதுவானதைத் தேடி எடுத்தானாம். எனக்கு அந்தத் திறன் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தெரியும். அட்டவணையில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். எண் இல்லாத விஷயத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது.

யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அவள் முடிவுக்கு வந்தாள். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. பாஸ்வேர்டு வேறு யாருக்குத் தெரியும் என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். டேப்லெட் வாங்கியபோது எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தவர் தையல்காரர். அவள் டேப்லெட்டை மூடி வைத்தாள். பிறகு புகார் எழுதித் தரச் சொன்னாள். நான் எழுதுவது நன்றாக இருக்கும் என்றும் சொன்னாள். அதைச் சொல்லி வருஷக்கணக்காகிறது.

நீங்களும் விரைவாகவே செயல்பட்டீர்கள். தையல்காரரின் கணக்கை முடக்கி, முப்பது நாளில் தக்க விளக்கம் வராவிட்டால் எல்லாம் நிரந்தரமாக அழிக்கப்படும் என்று அவருக்கு எழுதினீர்கள். பதினொரு வருஷத் தொகுப்பு. அதில் அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. தூரதேசத்தில் இருக்கும் அவர் மகள் போனில் பேசுகிற பெண் இல்லை. விளையாட்டுக்குள் வந்து, இவருடைய சேவலுக்குப் பக்கத்தில் தன் பூனையை நிறுத்திவிட்டு நாலு வரி எழுதுவாள். அவர்களுக்குள் போக்குவரத்து அவ்வளவுதான். கணக்கு போனால் அதுவும் போகும். இதை அவர் என்னிடம் மாடிப்படியில் நிறுத்திச் சொன்னார். கழுத்தில் அளவு நாடா, கையில் யாருடைய பேண்ட்டோ ஒன்று. அவர் மெதுவாகப் பேசுகிறவர்.

"சார், அக்கா என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறாங்க. பரவால்ல. நான் எடுக்கலன்னு உங்களுக்காவது தெரியும்ல?"

"தெரியும்" என்றேன்.

நான் பொய் சொல்கிறவன் இல்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு ஆள் நம்பினால் போதும் என்றார். என் பேண்ட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்து, ஓரம் பிரிந்திருக்கிறது, கொடுங்கள் தைத்துத் தருகிறேன் என்றார். கொடுத்தேன். நன்றாகத் தைத்திருந்தார்.

இருபத்தேழு நாள் இப்படியே போயிற்று. மனைவி காலை பத்து மணிக்குத் துணி மடிக்கத் தொடங்கினாள். வீடு அமைதியாக இருந்தது. நான் செய்தித்தாளை முழுக்கப் படிக்க முடிந்தது.

நேற்று, இருபத்தெட்டாம் நாள், தைக்கக் கொடுத்திருந்த திரைச்சீலையைத் திரும்ப வாங்கி வரலாம், இனி அங்கே எதுவும் கொடுப்பதற்கில்லை என்று அவள் மாடிக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. அவர் வரட்டும் என்று வாசலில் நின்றிருக்கிறாள். நிற்கிறவளுக்குப் படிக்க அங்கே இருப்பது ஒரே ஒரு போர்டு. 'இங்கு துணிகள் தைக்கபடும்.' நடுவில் 'ப்' கிடையாது. ஒன்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். பெயிண்ட் டப்பாவும் வாங்கிக் கொடுத்தேன். 'ப்' இல்லாமலும் பேண்ட் நிற்கிறதே சார் என்பார்.

திரைச்சீலை வாங்காமலே இறங்கி வந்தாள். வழக்கமாகப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுகிறவள், ஒவ்வொன்றாக இறங்குகிற சத்தம் கேட்டது. டேப்லெட்டைத் திறந்து ஆமையின் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். பிறகு அதை என் செய்தித்தாளின் மேல் வைத்தாள்.

"போர்டுலயே 'ப்' போடாத மனுஷன், ஆமைக்கு 'க்' போட்டிருப்பாரா?"

கேள்வி சரியாக இருந்தது.

"இந்த ஊர்லயே அதுக்கு 'க்' போடற ஆளு ஒருத்தர்தாங்க."

கூண்டுகள் நிரம்பிவிட்டன, இடம் போதாமல் எதையோ எடுக்கப்போய்க் கை தவறி ஆமை மேல் பட்டுவிட்டது, வருத்தப்படுவாயே என்று அதே மாதிரி ஒன்றை வாங்கி வைத்தேன் என்று அவளிடம் சொன்னேன். அறுபத்தொரு கூண்டுகள் காலியாக இருப்பதை அவள் திரையில் காட்டினாள். அழவில்லை. சத்தமும் போடவில்லை. நடந்தது நடந்தபடி உங்களுக்கு எழுதி அனுப்பச் சொன்னாள். "அழகா எழுத வேணாம்" என்றாள். இப்போது அவள் மாடியில் இருக்கிறாள். இது உங்களுக்கு வந்து சேர்ந்து, தையல்காரரின் கணக்கு திறக்கிறவரை இறங்குவதில்லையாம். திறந்த பிறகு இறங்குவதாகவும் சொல்லவில்லை.

ஆகவே, தையல்காரர் எதையும் எடுக்கவில்லை. எடுத்தவன் நான். அவர் கணக்கை இன்றே திறந்துவிடுங்கள். ஆமையை மீட்டுத் தர முடியுமா என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். விடுவித்ததை எந்த நிலையிலும் மீட்க முடியாது என்று உங்கள் அலுவலகம் எனக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறது. உங்கள் கோப்பில் அந்தக் கடிதம் இருக்கும். தேதியைப் பார்த்தால், கண் டாக்டரிடம் அவள் போவதற்கு ஒன்பது நாள் முந்தியது.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில், செயல் தவறுதலாக நேர்ந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். கை தவறியது என்றுதான் முதலில் நிரப்பினேன். பிறகு உங்கள் விளையாட்டின் ஏற்பாடு நினைவுக்கு வந்தது. பெயர் வைத்த பிராணியை ஒரு பொத்தானால் விடுவிக்க முடியாது. அதன் பெயரை நாமே கட்டத்தில் அடிக்க வேண்டும். அடித்தேன். பழக்கத்தில் 'அவசரக்குடுக்கை' என்று 'க்' போட்டு அடித்துவிட்டேன். பெயர் பொருந்தவில்லை என்று வந்தது. அங்கேயே விட்டிருக்கலாம். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, மச்சினன் எழுதியிருந்தபடியே, அந்த ஒரு 'க்'கை எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். ஆமை இரண்டு எட்டு நடந்தது. மெதுவான ஆமை, திரும்பிப் பார்க்க நேரமாயிற்று.

நாற்பத்தொரு வருஷத்திலும் அதற்குப் பிறகும் தெரிந்தே நான் செய்த எழுத்துப்பிழை அது ஒன்றுதான். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.